கை நனைக்கும் முன்: மீன் சாப்பாட்டுக் கடையில் புதுக் கேமராவைப் பழகும் முறை

புதுக் கேமரா வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே அதைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் போவார்கள். இல்லாவிட்டால் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவார்கள். இரண்டுமே பழகுவதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. மாமல்லபுரத்து வெயிலில் எந்தக் கேமராவும் நல்ல கேமராதான், அதன் குறைகள் வெளியே தெரியாது. கல்யாணத்திலோ கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் மெனுவுக்குள் நுழைந்து தேடிக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மீன் சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள் என்பதுதான் என் யோசனை.

அங்கே வவ்வால் வறுவல் என்ன நிறத்தில் வரும், குழம்பு எவ்வளவு சிவப்பு, சோறு எவ்வளவு வெளுப்பு என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். கேமரா காட்டும் நிறம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல வேறு அளவுகோல் தேவையில்லை. வெளிச்சமும் ஒரு கேமராவைத் திணற வைக்கப் போதுமான அளவுக்கு மோசமாக இருக்கும். வாசலில் பகல், உள்ளே டியூப்லைட், நடுவில் ஆவி, எண்ணெய்ப் பளபளப்பு, வெள்ளைச் சோறு, கறுத்த கல். கேமரா கற்றுக்கொள்ள வேண்டியவர் பார்க்க வேண்டிய சிக்கல்கள் எல்லாம் ஓர் இலைக்குள் அடங்கிவிடுகின்றன.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கேமராக்களில் ஷட்டர் பொத்தான் வலப்பக்கம் இருக்கிறது. நாம் சாப்பிடுவதும் வலக்கையால். முதல் கவளம் பிசைந்த கணத்தில் கேமராவின் வேலை முடிந்துவிடுகிறது. கைப்பேசியை இடக்கையால் சமாளிக்கலாம், இதை முடியாது. ஆகவே இலை விழுவதற்கும் கை நனைப்பதற்கும் இடையிலுள்ள சில நிமிடங்கள், பிறகு கை கழுவியபின் கொஞ்ச நேரம். இதற்குள்தான் எல்லாம். கீழே சொல்லியிருப்பவை அந்த நேரத்தை வீணாக்காமல் இருப்பதற்கான வழிகள். நான் மனத்தில் வைத்திருப்பது ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கடைகளை. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்கள் மீன் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

நாளும் நேரமும்

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் வாங்க வந்த கூட்டத்தில் ஒரு பகுதி மதியம் இந்தக் கடைகளில்தான் இருக்கும். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்றுகொண்டு, நீங்கள் எப்போது எழுந்திருப்பீர்கள் என்று உங்கள் மோர்ச் சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் ஃபோகஸ் பற்றி யோசிக்க முடியாது.

வார நாளில், மதியம் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று எண்ணெய். முதல் ஈடு புது எண்ணெயில் பொரிவதால் மசாலா செம்பழுப்பாக நிற்கும். இரண்டரை மணிக்குள் அதே எண்ணெய் பல ஈடு பார்த்துக் கறுத்திருக்கும், மீனும் கூடவே கறுக்கும். சாப்பிடுகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை, கேமராவுக்குப் பெரிய விஷயம். உச்சிப் பொழுதில் வெயில் தலைக்கு மேல் இருப்பதால் வாசல் வழியாக நேராக உள்ளே விழாது. தெருவிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பும் மென்மையான வெளிச்சம்தான் வரும். உணவைப் படமெடுக்க இதைவிட நல்ல விளக்கு கிடையாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள்களும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஃபைபர் படகில் வரும் சிறு மீன்கள் கிடைக்கும், பெரிய வஞ்சிரத்தின் விலை ஏறிவிடும். நெத்திலி, மத்தி, சங்கரா ஆகியவற்றைப் படமெடுக்க அது ஒன்றும் கெட்ட காலம் அல்ல.

மிக நல்ல காலம் எது என்று கேட்டால் தயங்காமல் புரட்டாசி என்பேன். ஊரில் பாதிப் பேர் அசைவம் விட்டிருப்பார்கள். கடை காற்றாடும். வாசலோர மேசை காலியாக இருக்கும், பரிமாறுபவருக்குப் பேச நேரம் இருக்கும், கல்லாவில் இருப்பவர் நீங்கள் வந்ததற்கே மகிழ்வார்.

முந்தின இரவு வீட்டில்

பேட்டரியை முழுதாக ஏற்றுங்கள். மெமரி கார்டை அதே கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். தேதி, நேரம் சரிபாருங்கள். ஃபோகஸ் ஆகும்போது வரும் ‘பீப்’ ஒலியையும், முன்னால் எரியும் சிறு ஆரஞ்சு விளக்கையும் அணைத்துவிடுங்கள். பக்கத்து மேசைக்காரர் சாப்பிட வந்திருக்கிறார். ஃப்ளாஷ் எரியாதபடி வைத்துவிடுங்கள். எண்ணெய் மேல் ஃப்ளாஷ் பட்டால் வறுவல் பிளாஸ்டிக் பொம்மைபோல் ஆகிவிடும்.

படம் பதிவாகும் வகையில் ‘ரா’வும் (பிறகு கணினியில் நிறம் திருத்த இடம்தரும் மூலக் கோப்பு) ‘ஜேபெக்’கும் (வழக்கமான படக் கோப்பு) சேர்த்து வையுங்கள். நிறப் பாணியில் ‘விவிட்’ என்று ஒன்று இருக்கும். புதிதாக வாங்கியவர்கள் எல்லாருக்கும் அதன்மேல் ஓர் ஈர்ப்பு. மீன் கடைக்கு அது ஆகவே ஆகாது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசிய மீனில் சிவப்பு ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது. விவிட் அதை மேலும் தள்ளும்போது மசாலாவின் துகள், கறிவேப்பிலை ஒட்டிய இடம், மொறுமொறுப்பான ஓரம் எல்லாம் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘நியூட்ரல்’ போதும்.

ஷட்டரை மெக்கானிக்கலில் வையுங்கள். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் கண்ணியமாகத் தோன்றும், ஆனால் கடை விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழ வாய்ப்புண்டு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

லென்ஸ் விஷயத்தில் கடைக்காரர்கள் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸைச் சேர்த்து விற்றிருப்பார்கள். நல்ல லென்ஸ்தான். ஆனால் ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய அளவு சென்சார் உள்ள கேமராவில் அது 75 அல்லது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும், உட்கார்ந்த இடத்திலிருந்து முழு இலை அதில் அடங்காது. கேமராவோடு வந்த 18-55 போன்ற ஜூம், அல்லது 35 மி.மீ. இருந்தால் அதை எடுத்துப் போங்கள். ஒரே லென்ஸ். மேசையில் லென்ஸ் மாற்றக் கூடாது, அடுப்படியில் நிச்சயமாகக் கூடாது. எண்ணெய்ப் புகை சென்சார்மேல் படிந்தால் துடைப்பது சுலபமில்லை.

இரவுச் சாப்பாட்டுத் தட்டையே வைத்து, உங்கள் லென்ஸ் எவ்வளவு நெருக்கத்தில் ஃபோகஸ் ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸைப் பொறுத்து 25 முதல் 45 சென்டிமீட்டர் வரை இருக்கும். அந்தத் தூரம் கைக்குப் பழகிவிட்டால் கடையில் பாதி நேரம் மிச்சம்.

எங்கே உட்காருவது

குளிரூட்டிய மாடியை விட்டுவிடுங்கள். கீழே, வாசலுக்குப் பக்கத்து மேசை. உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ வாசல் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே இலைமேல் விழும். எதிரே இருந்தாலும் நல்லதுதான், ஆவி அருமையாகத் தெரியும், ஆனால் முதல் நாளுக்கு அது கொஞ்சம் கடினம்.

வாசல் வெளிச்சம் நீலம் கலந்தது. உள்ளேயுள்ள மஞ்சள் எல்.இ.டி. வேறு சாதி. இரண்டும் சமமாக விழும் மேசையில் மீனின் ஒரு பக்கம் ஒரு நிறமாகவும் மறுபக்கம் வேறு நிறமாகவும் இருக்கும். விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ‘ஒயிட் பேலன்ஸ்’ எதுவும் அதைச் சரி செய்யாது. ஏதாவது ஒன்று தெளிவாக மேலோங்கியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்படிக் கேட்பவரை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவருக்குக் கிடைத்த கவனிப்பையும் பார்த்திருக்கிறேன்.

குளிரூட்டிய காரிலிருந்து இறங்கிய உடனே கேமராவைப் பையிலிருந்து எடுத்தால், சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடிமேல் பனியாகப் படியும். மூடிய பையோடு அரை மணி நேரம் விட்டால் கேமரா வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். பனி படிந்துவிட்டால் திரும்பத் திரும்பத் துடைக்காதீர்கள், தானாக மறையும்.

உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம், “அண்ணே, புதுக் கேமரா வாங்கியிருக்கிறேன், சாப்பாட்டை இரண்டு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டுவிடுங்கள். கல்லாவிலும் ஒரு வார்த்தை. வழக்கமாக வருகிறவருக்கு மறுப்பு வராது. கேட்காமல் எடுத்தால், ஏதோ அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்று அடுப்படிவரை செய்தி போய்விடும்.

இலை விழுந்ததும்

கேமராவின் கழுத்துப்பட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கழுத்தில் தொங்கவிட்டுக் குனிந்தால் அது முதலில் போய் நனைவது குழம்பில்தான்.

வெறும் இலைமீது தண்ணீர் தெளித்த நிலையே முதல் படம். அழகுக்காக இல்லை, நிறத்துக்காக. சட்டகம் முழுவதும் பச்சை நிறைந்திருக்கும்போது, கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அந்தப் பச்சையைக் குறைக்கப் பார்க்கும்; குறைத்தால் அடுத்து வரும் சோறு இளஞ்சிவப்பாகத் தெரியும். உங்கள் கேமராவுக்கு இந்தக் குணம் இருக்கிறதா என்று இங்கேயே தெரிந்துவிடும். இருந்தால், சட்டைப்பையில் மடித்துக் கொண்டுவந்த வெள்ளைத் தாளை இலைமேல் வைத்துக் ‘கஸ்டம் ஒயிட் பேலன்ஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றை வைத்து எடுக்கலாமே என்று தோன்றும். புழுங்கலரிசிச் சோற்றில் கொஞ்சம் மஞ்சள் உண்டு, அதை வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தால் மற்றதெல்லாம் நீலம் பூக்கும்.

இலையை உங்கள் பக்கத்திலிருந்தே எடுங்கள். நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் கண்ணில் ஊறிய ஒழுங்கு. எதிர்ப்பக்கம் போய் எடுத்தால் நுனி வலப்பக்கம் வந்து நிற்கும். பார்க்கும் தமிழருக்கு எங்கோ உறுத்தும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

அடுத்து சோறு. கேமரா எதைப் பார்த்தாலும் அதன் சராசரியை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். வெள்ளைச் சோற்றைக் கண்டால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும்; சோறு அழுக்காகத் தெரியும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தானில் கூட்டல் பக்கம் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்காகும் அளவு) வரை நகர்த்துங்கள். சோற்றுப் பருக்கைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டால் கொஞ்சம் இறக்குங்கள். புதுக் கேமராவில் முதலில் பழக வேண்டியது இந்தப் பொத்தான்தான். மற்ற எல்லாவற்றையும் தானியங்கியில் விட்டாலும் பரவாயில்லை.

பிறகு மீன் தட்டு. பல கடைகளில் பரிமாறுபவர் ஒரு பெரிய தட்டைத் தூக்கி வருவார். வஞ்சிரத் துண்டு, முழு வவ்வால், சங்கரா, இறால் தொக்கு, கடம்பா, நண்டு, சுறாப்புட்டு எல்லாம் சிறு கிண்ணங்களிலும் தட்டுகளிலும் அடுக்கியிருக்கும். எது வேண்டும் என்று நாம் விரலைக் காட்ட வேண்டும். நாளின் மிக நல்ல படம் இதுதான், ஆனால் தட்டைப் பிடித்திருப்பவரின் கை வலிக்கும். முதலில் என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு, “ஒரு நிமிடம் மேசைமேல் வையுங்கள் அண்ணே” என்று கேட்டு இரண்டே படம் எடுங்கள்.

இங்கே அபெர்ச்சர் பாடம், அதாவது லென்ஸின் திறப்பு. எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரியது. எஃப் 1.8-இல் பின்னணி கரைந்து போகும் அழகுக்காகவே பலர் பணம் போட்டு லென்ஸ் வாங்குகிறார்கள். 35 மி.மீ. லென்ஸில், 40 சென்டிமீட்டர் தூரத்தில், எஃப் 1.8-இல் கூர்மையாக வரும் ஆழம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். வவ்வாலின் கண் தெளிவாக இருக்கும், வால் என்ன மீன் என்றே தெரியாது. எஃப் 5.6-க்குப் போனால் அந்த ஆழம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் ஆகும். ஒரு வறுவல் துண்டுக்கு அது போதும். முழுத் தட்டும் வேண்டுமென்றால் எஃப் 8. ஒரே மீனை மூன்று அளவிலும் எடுத்து வையுங்கள், வீட்டில் பார்க்கும்போது பாடம் புரிந்துவிடும்.

கோணத்தைப் பொறுத்தவரை, இலைச் சாப்பாட்டை மேலிருந்து எடுக்கலாம். அதற்காக நாற்காலிமேல் ஏற வேண்டாம். எழுந்து நின்று கையை நீட்டி, மடக்குத் திரையைப் பார்த்தால் போதும். வஞ்சிரத் துண்டுக்கும் மேல்கோணம் பொருந்தும், நடுமுள்ளைச் சுற்றிய வளையம் அப்போதுதான் தெரியும். முழு மீனுக்குச் சாய்கோணம். கீறல்களுக்குள் மசாலா இறங்கியிருப்பது பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலோடு எழும். நண்டை மேசை மட்டத்துக்கு இறங்கி எடுங்கள்.

குழம்பு ஊற்றும் கணம்தான் எல்லாவற்றிலும் கடினம். கரண்டியிலிருந்து சோற்றில் விழும் தாரையை உறைய வைக்க 1/500 விநாடி வேண்டும். ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கி ஒளிர்கின்றன. 1/500-இல் எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும், சில சமயம் குறுக்கே பட்டையும் விழும். எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம் என்றது இதனால்தான். கடை விளக்கை மட்டும் நம்பியிருக்கும்போது 1/50 அல்லது 1/100 தான் பாதுகாப்பு. வாசலோரம் உட்காரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: பகல் வெளிச்சத்துக்கு இந்தத் துடிப்பு இல்லை. அங்கே எஃப் 4, 1/500, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 1600 அல்லது 2000 என்று வைத்துத் தொடர் படமாகச் சுடுங்கள். ஃபோகஸை முன்கூட்டியே சோற்றின்மேல் வைத்துக்கொள்ளுங்கள், கரண்டியைத் துரத்தாதீர்கள்.

ஆவி வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் இருட்டு வேண்டும். எதிரே அடர்நிறச் சட்டை போட்ட நண்பர் உட்கார்ந்திருந்தால் அவரே பின்னணி. ஆவி சில நொடிதான் நிற்கும், விட்டுவிட்டால் விட்டதுதான். மறுபடி சூடாகக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

கேமராவை மூடுங்கள்

இனி சாப்பிடுங்கள். பொரித்த மீனின் மேல்தோல் மொறுமொறுப்பாக இருப்பது சில நிமிடங்கள்தான். ஐஎஸ்ஓ 800-ஆ 1600-ஆ என்று யோசித்துக்கொண்டிருந்தால், உங்களுக்குக் கிடைப்பது நல்ல படமும் சவசவத்த மீனும். அந்த வியாபாரம் கட்டாது. கேமராவை அணைத்து, மூடி போட்டு, பையில் வைத்து, பையைக் காலடியில் இல்லாமல் பக்கத்து நாற்காலியில் வையுங்கள். காலடியில் கழுவிய தண்ணீர் ஓடும். முதல் கவளத்தை வெறும் குழம்பும் சோறுமாகச் சாப்பிடுங்கள், வறுவலை அதன்பின். முள் எடுக்கும் கைக்கு வேறு வேலை தரக் கூடாது.

கை கழுவிய பிறகு

சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மீன் எண்ணெய் பட்ட விரல் ரப்பர் பிடிமானத்தில் விட்டுச் செல்லும் மணம் நாள்கணக்கில் போகாது.

இப்போது அடுப்படி. மாஸ்டரிடம் அனுமதி கேட்டு, வாசற்படியோடு நின்றுவிடுங்கள். பரிமாறுபவர்கள் கொதிக்கும் வாளியோடு ஓடும் வழி அது. பெரிய கல்லில் பத்துப் பதினைந்து துண்டுகள் ஒன்றாகப் பொரிந்துகொண்டிருக்கும். சோற்றுக்குச் செய்ததன் நேர்மாறு இங்கே: கறுத்த கல்லைப் பார்த்து கேமரா படத்தை வெளுக்க வைக்கும், ஆகவே கழித்தல் பக்கம் ஒரு ஸ்டாப் வரை. ஷட்டர் 1/100, அபெர்ச்சர் எஃப் 4, ஐஎஸ்ஓ 3200 வரை போனாலும் பயப்படாதீர்கள். படத்தில் மணல் தூவியதுபோல் கொஞ்சம் புள்ளி தெரியலாம். கை அசைந்து கலங்கிய படத்தைவிட அது எவ்வளவோ மேல். எண்ணெய் தெறிக்கும் தூரத்துக்குள் போகாதீர்கள். லென்ஸ்முன் அதைக் காக்கும் கண்ணாடியாக ஒரு யுவி ஃபில்டர் இருந்தால் அன்றைக்கு அதன் விலை வசூலாகிவிடும்.

சாப்பிடுகிறவர்களின் முகம் சட்டகத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் கவளத்தோடு படத்தில் இருக்க யாருக்கும் விருப்பமிராது. அதிலும் புரட்டாசிச் சனிக்கிழமையில் இங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்கள் படத்தில் தெரிந்தால், அவர் வீட்டில் விழும் திட்டில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கைகளை எடுக்கலாம்: இறால் உரிக்கும் கை, நண்டு உடைக்கும் கை. அதையும் கேட்டுவிட்டு.

வீட்டில்

கேமராவை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். லென்ஸ் கண்ணாடியை முதலில் ஊதுகுமிழால் ஊதிவிட்டு அப்புறம் துடையுங்கள்; தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது சென்னைவாசிக்கு ஆடம்பரமல்ல. இங்கே லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

படங்களை அன்றிரவே கணினியில் பாருங்கள், சாப்பிட்ட ருசி நாக்கில் இருக்கும்போதே. சோறு வெள்ளையாக இருக்கிறதா? வறுவல் நீங்கள் கண்ட நிறத்தில் இருக்கிறதா, இல்லை செங்கல்லாக இருக்கிறதா? இலை இலைப்பச்சையா? நிறம் மாறியிருந்தால் ‘ரா’ கோப்பில் ஒயிட் பேலன்ஸை நகர்த்தி, எந்த அளவில் சரியாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவுக்கும் அந்தக் கடை விளக்குக்கும் உரிய எண் அது, அடுத்த தடவை நேராக அதையே வைத்துவிடலாம். கலங்கிய படங்களின் ஷட்டர் வேகத்தையும் பாருங்கள். உங்கள் கை எந்த வேகம் வரை அசையாமல் நிற்கிறது என்பது அப்போது தெரியும். ஆளுக்கு ஆள் அது மாறும்.

நல்ல படம் இரண்டைக் கடை முதலாளிக்கு அனுப்புங்கள். அவர் அதை விலைப்பலகையில் போடலாமா என்று கேட்கக்கூடும். சரி என்பதா, ஒரு வஞ்சிரத் துண்டு பேரம் பேசுவதா என்று முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். கல்லா முன்னால் நின்றுகொண்டு யோசித்தால் பின்னால் வரிசை சேர்ந்துவிடும்.